பதிவேடு முதலில், பதில் மெயில் அப்புறம்: ஏற்காட்டு விடுதிக்கும் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்கும் கோடிங் இல்லாத ஆட்டோமேஷன்

ஏற்காட்டில் மூன்று அறை உள்ள ஒரு ஹோம்ஸ்டே. உரிமையாளர் கீழே சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறார். மேலே அறைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். மே மாதம் கோடை விழா நெருங்கினால் இன்பாக்ஸில் நான்கு வகை மெயில் கலந்து வரும். வெப்சைட் ஃபார்மில் இருந்து விசாரணை, புக்கிங் தளங்களில் இருந்து உறுதிச் செய்தி, பணம் வந்ததாக பேமென்ட் கேட்வே அனுப்பும் தகவல், நடுவே ரத்து. எந்த வகையானாலும் கைவேலை ஒன்றுதான்: திறந்து படிக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், பதில் போட வேண்டும், மேலே போன் செய்து சொல்ல வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே சிக்னல் கிடைக்கும் நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது கூடுதல் பாரம்.

இந்த வேலையைப் பெருமளவு தானாக நடக்க வைக்கலாம். அதற்குக் கோடிங் தெரிய வேண்டியதில்லை என்று விளம்பரங்கள் சொல்வதும் உண்மைதான். இரண்டு ஆப்களை இணைப்பது பத்து நிமிட வேலை. ஆனால் இணைத்து ஒரு மாதத்துக்குள் படுத்துவிடும் ஆட்டோமேஷனைப் பிரித்துப் பார்த்தால், கருவியில் கோளாறு இருப்பது அரிது. ஒன்று, தகவல் போய்ச் சேரும் பதிவேடு ஒழுங்காக இருக்காது. அல்லது மனிதர் சொல்ல வேண்டிய 'சரி'யை இயந்திரம் சொல்லியிருக்கும்.

இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரே அமைப்பு. 'இது நடந்தால்' என்று கவனித்துக்கொண்டிருப்பது டிரிக்கர். 'இதைச் செய்' என்பது ஆக்‌ஷன். இடையில் 'இப்படி இருந்தால் மட்டும்' என்று ஒரு ஃபில்டர் வைத்துக்கொள்ளலாம். இவை சேர்ந்த முழுத் தொடர்தான் வொர்க்ஃப்ளோ. இஃப்ட் 2010-லும் ஜாப்பியர் 2011-லும் இந்த வழியைத் தொடங்கின. செக் நாட்டு இன்டெக்ரோமேட் 2022-இல் மேக் என்று பெயர் மாறியது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளோ 2019-இல் பவர் ஆட்டோமேட் ஆனது. நம் நாட்டில் ஸோஹோ ஃப்ளோவும் போபாலைச் சேர்ந்த பாப்லி கனெக்டும் இருக்கின்றன. எதை எடுப்பது என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். அலுவலகம் ஏற்கெனவே ஸோஹோ மெயிலிலும் ஸோஹோ புக்ஸிலும் ஓடினால் ஸோஹோ ஃப்ளோ. அவுட்லுக்கும் எக்ஸெலும் என்றால் பவர் ஆட்டோமேட். ஜிமெயிலும் கூகுள் ஷீட்டும் என்றால் ஜாப்பியரோ மேக்கோ. இதே வகைக் கருவியான என்எய்ட்என்னைச் சொந்த சர்வரில் கட்டணமின்றி ஓட்டலாம் என்பதைக் கேட்டுவிட்டு, கடை கம்ப்யூட்டரிலேயே அதைப் போட்டு வைக்க நினைக்காதீர்கள். கரண்ட் போனால் அதுவும் போகும். கடையைப் பூட்டிக் கம்ப்யூட்டரை அணைத்தால் இரவு மெயில்களும் அப்படியே கிடக்கும்.

கருவிக்கு முன் ஜிமெயிலே செய்யக்கூடியது

ஒரு நாளைக்கு ஐந்தாறு மெயில்தான் என்றால் வெளிக் கருவியே வேண்டாம். ஜிமெயில் அமைப்புகளில் 'அட்வான்ஸ்ட்' பகுதிக்குப் போய் டெம்ப்ளேட் வசதியை இயக்கி, வழக்கமான பதிலை டெம்ப்ளேட்டாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ஃபில்டர் போட்டு, 'இந்த லேபிளை ஒட்டு', 'இந்த டெம்ப்ளேட்டை அனுப்பு' என்று இரண்டையும் டிக் செய்தால் போதும். போன் ஆப்பில் ஃபில்டர் உருவாக்க முடியாது. கம்ப்யூட்டர் பிரவுசரில்தான் செய்ய வேண்டும்.

வெளிக் கருவியைச் சேர்க்கிறவர்களுக்கும் இந்த லேபிள் வேலை முக்கியம். மெயிலைத் தரம் பிரிப்பதை ஜிமெயில் ஃபில்டரிடம் விட்டுவிட்டு, கருவியின் டிரிக்கரை 'இந்த லேபிள் விழுந்த மெயில்' என்று மட்டும் வைப்பது நல்லது. தப்பு நடந்தால் எங்கே நடந்தது என்று கண்ணால் பார்க்க முடியும்: லேபிள் விழவில்லையா, விழுந்தும் ஷீட்டுக்குப் போகவில்லையா? டிரிக்கரை 'புதிய மெயில் எது வந்தாலும்' என்று வைத்தால் கருவி ஒரு மாதத்துக்கு இத்தனை வேலைதான் என்று வைத்திருக்கும் மாதக் கணக்கை விளம்பர மெயிலும் வங்கி மெயிலும் தின்றுவிடும். ஃபில்டரை சப்ஜெக்ட் வரியை மட்டும் நம்பியும் போடக்கூடாது. அனுப்புநர் முகவரியும் பொருந்த வேண்டும். இல்லையென்றால் 'புக்கிங்' என்று தலைப்பிட்டு யார் எதை அனுப்பினாலும் பதிவேட்டில் ஏறிவிடும்.

பதிவேடு

கூகுள் ஷீட்டில் 'விசாரணை' என்று ஒரு தாள். முதல் வரிசையில் தலைப்புகள்: விசாரணை எண், மெயில் ஐடி, வந்த நேரம், எங்கிருந்து, பெயர், போன், வரும் நாள், போகும் நாள், ஆட்கள், அறை, நிலை, குறிப்பு. பன்னிரண்டு பத்தி போதும். இந்தத் தலைப்புகளைக் கருவி பெயரை வைத்துப் பிடித்துக்கொள்கிறது. அழகுக்காக 'போன்' என்பதை 'அலைபேசி' என்று மாற்றினாலோ நடுவில் ஒரு பத்தியைச் செருகினாலோ இணைப்பு அறுந்துவிடும், அல்லது இன்னும் மோசமாக, போன் எண் தேதிப் பத்தியில் போய் உட்காரும். வரிசைகளைச் சார்ட் செய்வதும் நடுவில் வரிசை சேர்ப்பதும் ஆகாது. ஷீட்டை டிரிக்கராக வைத்திருந்தால் பழைய வரிசையைப் புதிது என்று எடுத்துக்கொண்டு போன மாத விருந்தாளிக்கு மறுபடி மெயில் போகும். வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டுமானால் இரண்டாவது தாள் ஒன்றில் முதல் தாளின் தகவலை இழுத்துப் போட்டு அங்கே பாருங்கள்.

மெயில் ஐடி பத்தி எதற்கு? ஒவ்வொரு மெயிலுக்கும் தனித்த ஓர் அடையாளம் உண்டு. எழுதுவதற்கு முன் 'இந்த ஐடி ஏற்கெனவே ஷீட்டில் இருக்கிறதா?' என்று தேடும் ஒரு படியை வைத்தால், கருவி தடுமாறி ஒரே மெயிலை இரண்டு முறை எடுத்தாலும் இரண்டு வரிசை விழாது. இந்த ஒரு படியைச் சோம்பலில் விட்டவர்கள் பிறகு கையால் நகல் அழித்துக்கொண்டிருப்பார்கள்.

தேதியில் இரண்டு கண்ணி உண்டு. ஷீட்டின் அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் 05/06 என்பது மே 6 ஆகிவிடும்; நாம் நினைத்தது ஜூன் 5. ஃபைல் மெனுவில் அமைப்புகளைத் திறந்து நாட்டை இந்தியா என்றும் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்றும் மாற்றுங்கள். கருவிக்குள் தேதியை 2026-06-05 என்ற ஆண்டு-மாதம்-நாள் வடிவில் மட்டுமே கடத்துங்கள். இரண்டாவது கண்ணி நேரம். பல ஆப்கள் உலகப் பொது நேரத்தில்தான் தகவல் தரும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. அதனால் நள்ளிரவு 12-க்கும் காலை 5.30-க்கும் இடையே வரும் மெயில்களுக்கு முந்தைய நாளின் தேதி விழும். பகலில் சோதித்தால் இந்தத் தவறு கண்ணிலேயே படாது.

போன் பத்தியை 'ப்ளெயின் டெக்ஸ்ட்' என்று மாற்றி வையுங்கள். +91 என்று தொடங்கும் எண்ணைக் கூகுள் ஷீட் ஃபார்முலா என்று நினைக்கும். இடைவெளியோடு எழுதினால் பிழைச் செய்தி காட்டும். இடைவெளி இல்லையென்றால் கூட்டல் குறியை விழுங்கிவிடும்.

பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள். மேல்நாட்டு ஃபார்ம் டெம்ப்ளேட்டுகளில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு இருக்கும். முழுப் பெயரை இடைவெளியில் வெட்டி முதல் துண்டை எடுக்கும் படியும் சில ரெடிமேட் வொர்க்ஃப்ளோக்களில் இருக்கும். நம் ஊரில் இனிஷியல் முன்னால் வருவதால் 'கே. செந்தில்' என்பவருக்கு 'வணக்கம் கே.' என்று மெயில் போகும். வேற்றுமை உருபையும் இயந்திரம் சேர்க்காது. பெயருக்குப் பின்னால் 'க்கு' ஒட்டினால் 'முருகன்க்கு' என்றுதான் வரும். 'அவர்களுக்கு' என்று தனியாக எழுதிவிட்டால் எந்தப் பெயருக்கும் பொருந்தும்.

'சரி'யை யார் சொல்வது

வெப்சைட் விசாரணைக்கான வொர்க்ஃப்ளோ இப்படிப் போகும். ஃபார்ம் நிரப்பப்பட்டதும் ஷீட்டில் 'புதிது' என்ற நிலையோடு ஒரு வரிசை ஏறும். விருந்தாளிக்கு உடனே ஒரு மெயில் போகும்: உங்கள் விசாரணை கிடைத்தது, எண் இது, நீங்கள் கேட்ட தேதிகள் இவை, அறை உறுதியானதும் எழுதுகிறோம். அடுத்து அந்தத் தேதிகளில் ஷீட்டில் என்ன இருக்கிறது என்று தேடி, உறுதிசெய்யும் மெயிலை எழுதி, அதை அனுப்பாமல் டிராஃப்டில் வைக்கும். உரிமையாளருக்கு 'டிராஃப்ட் தயார்' என்று போனில் அறிவிப்பு வரும். அவர் திறந்து, பார்த்து, அனுப்புகிறார். ஜிமெயில் இணைப்பில் 'மெயில் அனுப்பு' என்ற ஆக்‌ஷனுக்குப் பக்கத்திலேயே 'டிராஃப்ட் உருவாக்கு' என்பதும் இருக்கும். அதைப் பலர் கவனிப்பதில்லை.

டிராஃப்ட் எதற்கு, நேராக அனுப்பினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. புக்கிங் தளத்தின் உறுதி மெயில் 10.01-க்கு வருகிறது. ஜாப்பியரின் இலவசத் திட்டத்தில் இன்பாக்ஸை 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்க்கும். ஆக, அது ஷீட்டில் ஏறுவது 10.15-க்கு என்று வைத்துக்கொள்வோம். இடையில் 10.09-க்கு வெப்சைட் ஃபார்மில் வேறொருவர் அதே அறையைக் கேட்கிறார். ஃபார்ம் காத்திருக்காமல் தானே தகவலைத் தள்ளும் வகை என்பதால் அந்த வொர்க்ஃப்ளோ உடனே ஓடும். ஷீட்டைப் பார்க்கிறது, அறை காலி. 'உறுதி' என்று எழுதி அனுப்பிவிடுகிறது. இரண்டு குடும்பங்கள் ஒரே அறைக்கு மலையேறி வரும். மாதச் சந்தா கட்டினால் எட்டிப் பார்க்கும் இடைவெளி குறையும், ஆனால் ஓட்டை அடைபடாது. புக்கிங் தளங்களுக்கு இடையே காலண்டர் இணைப்பு வைத்திருந்தாலும் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளச் சில மணி நேரம்கூட ஆகலாம். மே மாத சனி, ஞாயிறுகளுக்குத் தானியங்கி உறுதி கூடவே கூடாது என்பது எங்கள் கருத்து. ஆகஸ்ட் மாதச் செவ்வாய்க்கிழமைக்கு வேண்டுமானால் விட்டுவிடலாம்.

புக்கிங் தளங்களின் மெயிலில் இருந்து தகவலைப் பிரித்தெடுப்பது தனித் தலைவலி. 'புக்கிங் எண்' என்ற சொல்லுக்கும் அடுத்த வரிக்கும் இடையே உள்ளதை எடு என்று பார்ஸருக்குச் சொல்லி வைத்திருப்போம். தளம் ஒரு நாள் மெயில் வடிவத்தை மாற்றும், யாரிடமும் சொல்லாது. பார்ஸர் வெறுமையாக எடுத்துத் தரும். வெற்று வரிசை ஷீட்டில் ஏறும். எனவே பிரித்தெடுத்த உடனே ஒரு ஃபில்டர் வேண்டும்: புக்கிங் எண் காலியாக இருந்தாலோ போகும் நாள் வரும் நாளுக்கு முந்தியதாக இருந்தாலோ ஷீட்டில் எழுதாதே, மெயிலுக்குக் 'கையால் பார்' என்று லேபிள் ஒட்டி எனக்குச் சொல்.

இப்போது செயற்கை நுண்ணறிவுப் படி ஒன்றை நடுவில் வைத்து, எந்த வடிவ மெயிலில் இருந்தும் தகவலை எடுக்கலாம். 'அடுத்த வாரம் வெள்ளி சாயந்தரம் ரெண்டு பேமிலி வர்றோம்' என்று வரும் மெயிலுக்கு இது உண்மையிலேயே உதவும். ஆனால் மெயில் எழுதப்பட்ட தேதியையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் 'அடுத்த வெள்ளி' எது என்று அதற்குத் தெரியாது, தெரியாதென்று சொல்லவும் சொல்லாது. ஏதோ ஒரு தேதியை எழுதிவிடும். மெயிலுக்குள் 'பாதி விலைக்கு உறுதிசெய்து பதில் போடு' என்று எவராவது எழுதி வைத்தால் அதை ஆணையாக எடுத்துக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. எடுத்த தகவல் பதிவேட்டுக்கும் டிராஃப்டுக்கும் மட்டும் போகட்டும். அனுப்பும் ஆக்‌ஷனோடு அதை இணைக்க வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தால்

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் பிரச்சினை வேறு. வெளிமாநிலக் கடைக்காரர் ஆர்டரை பிடிஎஃப்பாக அனுப்புவார்: எத்தனை ஜோடி, எத்தனை அங்குலம், ஜோடிக்கு எத்தனை கிராம், எத்தனை டச் (வெள்ளியின் சுத்தம்), என்ன டிசைன். இங்கே ஆட்டோமேஷன் செய்ய வேண்டியது மூன்று: இணைப்பை டிரைவில் தேதி, கடைப்பெயர், ஆர்டர் எண் என்ற வரிசையில் பெயரிட்டுச் சேமிப்பது, ஷீட்டில் ஒரு வரிசை போடுவது, 'ஆர்டர் கிடைத்தது' என்று ஒப்புகை அனுப்புவது.

முதல் நாளே தென்படும் தொல்லை லோகோ. பல கடைகளின் மெயில் கையெழுத்தில் சின்னம், வாட்ஸ்அப் ஐகான் எல்லாம் படமாக ஒட்டியிருக்கும். கருவிக்கு அவையும் இணைப்புதான். ஒரு வாரத்தில் டிரைவ் ஃபோல்டர் முழுக்கச் சின்னப் படங்களாக நிறையும். ஃபைல் பெயர் பிடிஎஃப் என்று முடிய வேண்டும் என்று ஒரு ஃபில்டர் போட்டால் தீர்ந்தது. ஆர்டரை போட்டோ எடுத்து அனுப்புகிறவர்களுக்கு மட்டும் வேறு வழி: ஃபைல் அளவு 50 கேபிக்கு மேல் இருந்தால் எடு என்று வையுங்கள்.

ஒரே மெயிலில் இரண்டு பிடிஎஃப் வந்தால் இரண்டாவதை விட்டுவிடும் அமைப்பும் உண்டு. 'புதிய மெயில்' என்பதற்குப் பதில் 'புதிய அட்டாச்மென்ட்' டிரிக்கரை எடுக்க வேண்டும். மேக்கில் என்றால் இட்டரேட்டர் என்ற படியைச் செருகி ஒவ்வொன்றாகக் கடத்த வேண்டும். அதே மெயில் தொடரில் 'இருபது ஜோடி கூட்டிக்கொள்ளுங்கள்' என்று வரும் பதில் புது ஆர்டர் அல்ல. தொடரின் அடையாள எண் ஷீட்டில் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் புது வரிசை போடாமல் பழைய வரிசையின் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

எடையை 45.500 என்று மூன்று தசமத்தில் எழுதுவது இங்கே வழக்கம். நாட்டு அமைப்பு ஜெர்மனி போன்றதாக இருந்தால் அந்தப் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும் குறி. நாற்பத்தைந்தரை கிராம் நாற்பத்தைந்தாயிரத்து ஐந்நூறு ஆகிவிடும். ஷீட்டை இந்தியாவுக்கு மாற்றச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

விலையைத் தானியங்கி மெயிலில் எழுதாதீர்கள். வெள்ளி விலை தினமும் மாறுகிறது. ஷீட்டில் நேற்றைய விலை இருந்து, அதை இயந்திரம் கொட்டேஷனாக அனுப்பிவிட்டால் கடைக்காரர் அந்த மெயிலைக் காட்டித்தான் பேசுவார். டெலிவரி நாளும் அப்படியே. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் பட்டறையில் ஆள் இருக்காது என்பது கடைக்காரருக்கும் தெரியாது, ஜாப்பியருக்கும் தெரியாது. விடுமுறை நாட்களுக்குத் தனித் தாள் வைத்து, ஒப்புகை மெயில் போகும் முன் அதைப் பார்க்கச் சொல்லலாம். அதைச் செய்யாதவர்கள் மெயிலில் நாளே குறிப்பிடாமல் இருப்பது மேல்.

இன்வாய்ஸ் எண்ணையும் வொர்க்ஃப்ளோ உருவாக்கக் கூடாது. ஜிஎஸ்டி விதி 46-இன்படி இன்வாய்ஸ் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, 16 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது. வொர்க்ஃப்ளோ பாதியில் தடுமாறி மறுபடி ஓடினால் ஒரு எண் விடுபடும் அல்லது இரட்டிக்கும். எண் போடுவது கணக்கு சாஃப்ட்வேரின் வேலை. டேலியைக் கடை கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கு ஜாப்பியர், மேக் போன்றவை நேராக உள்ளே போக முடியாது. ஷீட்டை எக்ஸெலாக எடுத்து டேலிக்குள் இறக்கிக்கொள்வதுதான் நடைமுறை.

மெயில் சுழல்

ஆட்டோமேஷனில் ஒரு இரவுக்குள் பெரும் நாசம் செய்யக்கூடியது இதுதான். நீங்கள் தானாக ஒப்புகை அனுப்புகிறீர்கள். அந்தப் பக்கத்தில் கடைக்காரர் 'வெளியூரில் இருக்கிறேன்' என்று தானியங்கிப் பதில் வைத்திருக்கிறார். அவருடைய பதிலின் சப்ஜெக்டில் 'ஆர்டர்' என்ற சொல் இருப்பதால் உங்கள் ஃபில்டர் அதற்கும் லேபிள் ஒட்டுகிறது. அதற்கு மறுபடி ஒப்புகை போகிறது. விடியும்போது மாதக் கணக்கு தீர்ந்திருக்கும், அனுப்பும் வரம்பும் முட்டியிருக்கும்.

ஒழுங்காக எழுதப்பட்ட தானியங்கிப் பதில்கள் மெயிலோடு மறைவாக வரும் தலைப்புப் பகுதியில் (ஹெடர்) 'ஆட்டோ-சப்மிட்டட்' என்ற குறிப்பை வைக்கும். 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3834 என்ற நெறி இதைச் சொல்கிறது. ஆனால் எல்லாக் கருவிகளும் அந்தக் குறிப்பை நம் கண்ணில் காட்டுவதில்லை. கையில் இருக்கும் தடுப்புகளைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்: சொந்த முகவரியில் இருந்து வருவதை ஒதுக்குவது, 'நோ-ரிப்ளை' முகவரிகளை ஒதுக்குவது, ஒரே முகவரிக்கு 24 மணி நேரத்தில் ஒரு ஒப்புகைக்கு மேல் இல்லை என்று ஷீட்டைப் பார்த்து நிறுத்துவது. மூன்றாவது ஒன்றே பெரும்பாலும் காப்பாற்றிவிடும். பிழை அறிவிப்பை அதே இன்பாக்ஸுக்கு அனுப்புகிறவர்கள், அந்த அறிவிப்பு தங்கள் ஃபில்டருக்குப் பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கும் வரம்பும்

ஜாப்பியரின் இலவசத் திட்டம் மாதம் 100 டாஸ்க், அதுவும் ஒரு டிரிக்கர் ஒரு ஆக்‌ஷன் என்ற இரண்டு படி வொர்க்ஃப்ளோவுக்கு மட்டும். வெற்றிகரமாக முடிந்த ஆக்‌ஷன்தான் டாஸ்க். டிரிக்கருக்கும் ஃபில்டருக்கும் கணக்கு இல்லை. மேலே சொன்ன விடுதி வொர்க்ஃப்ளோவில் ஐந்து ஆக்‌ஷன் உண்டு: ஷீட்டில் எழுதுவது, ஒப்புகை, தேடல், டிராஃப்ட், அறிவிப்பு. ஆகவே இலவசத்தில் அது ஓடாது. மாதம் 120 விசாரணை என்றால் 600 டாஸ்க். அதற்கேற்ற திட்டம் வாங்க வேண்டும்.

மேக் மாதம் 1,000 முறை இலவசம் என்கிறது, கேட்க அதிகமாக இருக்கும். ஆனால் அங்கே டிரிக்கர் எட்டிப் பார்ப்பதற்கும் கணக்கு உண்டு, மெயில் எதுவும் இல்லாவிட்டாலும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் ஒரு நாளைக்கு 96, முப்பது நாளைக்கு 2,880. ஒரு மெயிலும் வராமலேயே பதினோராம் நாள் கணக்கு தீரும். மணிக்கு ஒரு முறை என்று மாற்றினால் 720. காலை 7 முதல் இரவு 9 வரை மட்டும் என்று நேரம் குறித்தால் 450 ஆகும். மிச்சம் 550 வேலைக்குக் கிடைக்கும்.

தனிப்பட்ட ஜிமெயில் கணக்கை மேக்கோடு இணைப்பவர்களுக்கு இன்னொரு தடை. கூகுள் கிளவுடில் சொந்தமாக ஒரு அனுமதி அமைப்பை உருவாக்கி அதன் மூலம் இணைக்க வேண்டும். அதன் நிலை 'டெஸ்டிங்' என்றே விட்டுவிட்டால் அனுமதி ஏழு நாளில் காலாவதி ஆகும். சரியாக ஒரு வாரம் ஓடிவிட்டு நிற்கிறது, மறுபடி இணைத்தால் மறுபடி ஒரு வாரம் என்று புலம்புகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் அதுதான். நிலையை 'ப்ரொடக்‌ஷன்' என்று மாற்றினால் போதும். ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றினாலும் இந்த அனுமதிகள் ரத்தாகும்.

அனுப்பும் வரம்பு தனி. சாதாரண ஜிமெயிலில் நாளொன்றுக்கு 500 பேர், காசு கட்டும் வொர்க்ஸ்பேஸில் 2,000. தீபாவளிச் சலுகையைப் பழைய விருந்தாளிகள் எல்லாருக்கும் இந்த வழியில் அனுப்ப நினைக்காதீர்கள்; அதற்கென உள்ள மொத்த மெயில் சேவையில் அனுப்புங்கள். அங்கேயும் ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டால் ஸ்பாமுக்குத்தான் போகும். சொந்த டொமைன், அதாவது உங்கள் பெயரில் ஒரு இணைய முகவரி, வேண்டும். அதில், மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவும் வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகுள் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறது. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். புதுச் சேவையின் வழிகாட்டியைப் பார்த்து இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. ஏற்கெனவே உள்ள வரிக்குள்ளேயே புதுச் சேவையின் பெயரைச் செருக வேண்டும்.

நின்றுபோனது எப்படித் தெரியும்

ஆட்டோமேஷன் நின்றால் சத்தம் வராது. மெயில் வரவில்லையா, வந்தும் எடுக்கவில்லையா என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிழை தொடர்ந்து வந்தால் கருவியே வொர்க்ஃப்ளோவை அணைத்துவிட்டு ஒரு மெயில் அனுப்பும். அந்த மெயில் விளம்பர டேபில் கிடக்கும். எனவே தினமும் காலை 7 மணிக்குத் தனியாக ஒரு சிறு வொர்க்ஃப்ளோ ஓட்டி, நேற்று லேபிள் விழுந்த மெயில் எத்தனை, ஷீட்டில் ஏறிய வரிசை எத்தனை என்று இரண்டு எண்களை உரிமையாளரின் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். எண்ணே வராத காலையில் அனுமதி செத்துவிட்டது என்று பொருள்.

சோதனைக்குப் புது மெயில் கணக்கு தேவையில்லை. ஜிமெயில் முகவரியில் பெயருக்குப் பின் கூட்டல் குறியிட்டு எந்தச் சொல்லைச் சேர்த்தாலும் மெயில் அதே இன்பாக்ஸுக்குத்தான் வரும். விருந்தாளியின் முகவரியாக அதைக் கொடுத்துச் சோதிக்கலாம். சோதிக்க வேண்டியவை எல்லாம் ஒழுங்கற்றவை: தமிழில் பெயர், போன் இல்லாத ஃபார்ம், போகும் நாள் முந்தியது, ஒரே மெயில் இரண்டு முறை, விடியற்காலை 4 மணிக்கு ஒன்று. பழைய தமிழ் ஃபான்ட்டில் வைத்திருக்கும் டெம்ப்ளேட்டை அப்படியே ஒட்டினால் மறுபக்கத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் மறுபடி அடிக்க வேண்டும்.

விருந்தாளிகளின் ஆதார் நகலை இந்த வழியில் விடவே கூடாது. வொர்க்ஃப்ளோவில் கடந்துபோகும் ஒவ்வொன்றும் கருவியின் ஓட்டப் பதிவில் நகலாகச் சில காலம் தங்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு விடுதிக்கும் பொருந்தும். அடையாள அட்டையை வாசலில் பார்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். மெயிலில் கேட்கத் தேவையில்லை.

கடைசியாக, இணைப்பை யாருடைய கணக்கில் செய்கிறீர்கள் என்பது. கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவன் தன் சொந்த மெயிலில் ஜாப்பியர் கணக்கு தொடங்கி எல்லாவற்றையும் இணைத்துக் கொடுப்பான். அவன் பெங்களூரு போன பிறகு பாஸ்வேர்டை மாற்றுவான், அன்றே எல்லாம் நிற்கும். அல்லது மாற்ற மாட்டான், அப்போது உங்கள் இன்பாக்ஸைத் திறக்கும் அனுமதி அவன் கணக்கிலேயே இருந்துகொண்டிருக்கும். தொழிலின் பெயரில் ஒரு மெயில், அதில் கருவியின் கணக்கு, மீட்பு எண்ணாக உரிமையாளரின் போன் என்று முதல் நாளே அமைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் ஓடுகிறது என்றால், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'மூன்றாம் தரப்பு ஆப்கள்' என்ற பட்டியலைத் திறந்து பார்த்து, அடையாளம் தெரியாத இணைப்புகளை நீக்கிவிட்டு, புதுக் கணக்கில் மறுபடி இணையுங்கள். கோடை சீசனுக்கு முன், ஏப்ரல் தொடக்கத்தில் இதைச் செய்தால் நடுவில் ஓரிரு நாள் நின்றாலும் நஷ்டம் இல்லை.